மயிர் உதிர்தலும் அதனைப் பற்றிய மயக்கங்களும்

(அய்யலூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டந்தோறும் கல்வி, சிக்கனம், ஒற்றுமை என்னும் பொருள்களைப் பற்றியே பேசிவந்த யாம் இன்று மயிர் உதிர்தலைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மயிர் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே பின்வரிசையிலுள்ள இளைஞர் சிலர் புன்முறுவல் செய்வதையும் காண்கிறோம். அச்சொல் இக்காலத்தார் வாயில் வசையாய் இழிந்துவிட்டதேயன்றி இயல்பிற் குற்றமுடையதன்று. சான்றோர் செய்யுட்களிற் பயின்று வந்த நற்சொல்லே. முடி என்பதோ முடிந்து கட்டியதனையும் மன்னர் மகுடத்தையும் உணர்த்துவது. ஆதலின் யாம் மயிர் என்றே வழங்குவோம். நகைப்போர் நகைத்து முடித்துக் கேட்பாராக.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம்மவருள் மயிருதிர்வுக்கு அஞ்சிக் கைப்பொருளை இழப்போர் பலர். வியாழக்கிழமைதோறும் கூடும் நம் ஊர் ஆட்டுச் சந்தையில் குட்டி விற்ற பணத்தை இடுப்பிற் செருகிக்கொண்டு திரும்பும் ஒருவர், வழியில் வழுக்கைக்கு மருந்தென்று சொல்லி விற்கப்படும் எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கிச் செல்வது அரிய காட்சியன்று. பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம். அவ்வச்சத்தால் உயிரையே இழந்தாரும் நம் உறவின்முறையில் உளர். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் மயிரின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஈண்டுக் கூறுவன யாவும் மருத்துவ நூல்களிற் கற்றும் வைத்தியர்பாற் கேட்டும் தெரிந்தனவே.

மக்கள் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலினுள் ஒரு சிறு குழியில் வேர்கொண்டு, 2 முதல் 6 ஆண்டுகள் வரை இடையறாது வளரும். திங்களுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி ஒடுங்கி, மூன்று திங்களளவு வாளா கிடந்து உதிரும். உதிர்ந்த குழியிலேயே புது மயிர் முளைக்கும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்தல் இயற்கை. நீண்ட கூந்தலுடையார்க்கு அவையெல்லாம் சீப்பிற் சுருண்டு ஒரு பந்தாய்த் தோன்றுதலின் அச்சம் பெரிதாகிறது. கிராப்பு வைத்த ஆடவர்க்கும் அவ்வளவே உதிர்கிறது. அது காற்றோடு போவதாற் காண்பாரிலர்.

உழவர் மக்களாகிய நமக்கு ஓர் உவமை கூறின் எளிதில் விளங்கும். மரத்தில் முற்றிய இலை பருவம் வந்து உதிர்தல் ஒன்று. பசுமையாய் வளர்ந்து நிற்கும் பயிர் நஞ்சு பட்டு ஒரே நாளிற் சாய்தல் ஒன்று. நிலமே உவர் பூத்து விதை முளையாமற் போதல் ஒன்று. மயிருதிர்வினுள்ளும் இம்மூன்றும் உள. முன்னிரண்டிலும் நிலம் கெடவில்லை. மறு விளைச்சல் உண்டு. மூன்றாவதில் இல்லை. இவையன்றிச் செடி ஈட்டுக்கு ஈடு சிறுத்துக்கொண்டே போதல் என்னும் நான்காவது ஒன்றும் உண்டு, அதுவே வழுக்கை.

இலையுதிர்வு போன்றதை முதலிற் கூறுவோம். கடுங்காய்ச்சல், பேறுகாலம், அறுவைச் சிகிச்சை, உடல் எடை விரைந்து குறைதல், பெருந்துயர் ஆகிய ஏதேனும் ஒன்று நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த மயிர்களிற் பல ஒருசேர ஓய்வுக்குச் சென்றுவிடும். ஓய்வு மூன்று திங்கள் என்றோம் அன்றோ? ஆதலின் உதிர்தல் உடனே நிகழாது. இரண்டு மூன்று திங்கள் கழிந்தே தலைகாட்டும். இவ்விடைவெளியே மக்களை மயக்குகின்றது. ஐப்பசியில் வந்த டெங்குக் காய்ச்சலை மறந்துவிட்டுத் தை மாதத்தில் மாற்றிய சோப்பைக் குறை கூறுவர். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரைக் குறை கூறுவர். உப்பு நீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், இடையில் ஒடியவும் செய்யும். வேரைப் பிடுங்கும் ஆற்றல் அதற்கில்லை. கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோயினின்றும் எழுந்த பலருக்குச் சில திங்கள் சென்று மயிர் கொட்டியதும் இவ்வகையே. குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு மயிர் உதிரும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. காரணம் பிழை, காலக் கணக்கு மட்டும் சரி. குழவி முகமறிந்து சிரிக்கும் மூன்றாந் திங்களளவிலேதான் பேறுகாலத்து உதிர்வும் தொடங்குகிறது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு திங்களுக்குள் தானே அடங்கும். அவ்வேளையில் எந்த எண்ணெயைத் தேய்த்தவரும் அவ்வெண்ணெயாலேயே நலம்பெற்றதாகச் சான்று பகர்வர். சந்தை வாணிகம் இதனாலன்றோ செழிக்கிறது!

உதிர்வு அடங்காது நீளுமாயின் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் உண்டா என்று சோதித்தல் வேண்டும். காலையுணவு உண்ணாமலே பள்ளிக்கு வந்து முதற்பாட வேளையிலே முகம் வெளுத்து அமரும் பெண்மக்களை யாம் நாடோறும் காண்கிறோம். அவர்க்கு வேண்டுவது கூந்தல் தைலமன்று; சோறும், கீரையும், பயறும், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையுமே. தேங்காயெண்ணெய், கரிசலாங்கண்ணித் தைலம் முதலியன மயிரை மென்மையாக்கி ஒடியாமற் காக்கும். அந்த அளவில் அவை நல்லனவே.

வழுக்கையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வவையிலேயே உதாரணங்கள் வேண்டிய அளவு வீற்றிருக்கின்றன. ஆடவர்க்குரிய சுரப்பு நீர் ஒன்று, பிறப்பிலேயே அதற்கு இடங்கொடுக்கும் மயிர்க்குழிகளைச் சிறுகச் சிறுகச் சுருக்க, மயிர் மெலிந்து பூனைமயிராய் முடிகின்றது. நெற்றியின் இருபுறமும் உச்சியும் முதலில் வெளிக்கும். பெண்டிர்க்கும் இஃது உண்டு. அவர்க்கு நெற்றியோரம் நிற்ப, வகிடு அகலும். தாய்வழியாக மட்டுமே வரும் என்பது தவறு, இருவழியாலும் வரும். மினாக்சிடில் என்னும் பூச்சு மருந்து இதற்குப் பயன்படுகின்றது. முதலில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாய் வந்த அம்மருந்தை உண்டோர் உடலெங்கும் மயிர் வளரக் கண்டு, 1988ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தலைக்குப் பூசும் மருந்தாக ஏற்றுக்கொண்டனர். நிறுத்தினாற் பயனும் நிற்கும். மணமகனின் வழுக்கையைப் பொய்மயிரால் மறைத்துப் பெண் கேட்கும் வழக்கம் நம்மிடையிலும் புகுந்துவிட்டதாகக் கேள்வி. தாலி கட்டிய மறுநாள் வெளிப்படும் பொய்யைச் சொல்வதனால் யாருக்கு என்ன ஊதியம்?

இனிப் புழுவெட்டு. காசளவு வட்டமாய், வழவழப்பாய், ஒரே இரவில் மயிர் நீங்கினாற்போலத் தோன்றும். வடமொழி மருத்துவ நூலார் இதனை இந்திரலுப்தம் என்பர். பெயர் புழுவெட்டாயினும் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே தன் மயிர்க்குழியைப் பகையென்று மயங்கித் தாக்குவதால் வருவது. ஒட்டுநோயன்று, ஒரு பாயிற் படுத்தாலும் பற்றாது. பலருக்குத் தானே வளரும். சிலருக்கு மருத்துவர் அவ்விடத்தில் ஊசிமருந்து இடுவர். தலை முழுவதும் நீங்கியவர்க்கு உண்ணும் மருந்தும் உளது. பாரிசிட்டினிப் என்னும் மருந்தை 2022இல் அமெரிக்க நாட்டார் இதற்கென ஏற்றனர். தோல் புண்ணாகுமாறு காரமான பச்சிலைகளை அரைத்துத் தேய்ப்பதை மட்டும் விட்டொழிக்க வேண்டும். புண் ஆறித் தழும்பாயின் அதுவே உவர்நிலமாகும்.

சிறுவர் தலையிற் பொருக்கும் அரிப்புமாய் மயிர் ஒடிந்து திட்டாவது வேறு. அது பூஞ்சையால் வருவது, ஒட்டுவது. ஒருவர் சீப்பை ஒருவர் வாங்குதலாற் பரவும். மேற்பூச்சு மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். புழுவெட்டென்று எண்ணி இதனையும், இதுவென்று எண்ணிப் புழுவெட்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

ஆசிரியராகிய எம் கண்ணிற் படும் வகை மற்றொன்று. பள்ளிக்கு அனுப்பும் பெண்குழந்தைக்குக் கண் மேலே இழுபடுமாறு இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னினாற்றான் தாய்மார்க்கு நிறைவு. நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோரத்து மயிர் பின்வாங்கும். நெடுநாள் சென்றால் மீளாது. சற்றுத் தளர்த்திப் பின்னினால் எந்த ஆசிரியரும் கோபிக்கமாட்டார்.

இனி, இன்று பேச வந்த பொருளின் உள்ளீட்டுக்கு வருவோம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்பொழுது மயிர் உதிர்கின்றதே, அது மேற்சொன்ன இலையுதிர்வன்று, வளர்பயிர் சாய்தல். புற்றணுக்கள் விரைந்து பெருகுவன. மருந்தும் விரைந்து பெருகும் அணுக்களைத் தேடி அழிக்குமாறு அமைந்தது. நம் உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் அணுக்கள் மயிர்வேரிலும், வாய் குடல்களின் உட்தோலிலும், எலும்பு மச்சையிலும் உள்ளன. மருந்துக்கு நட்புப் பகை தெரியாது. ஆதலின் மயிர் உதிர்தலும், வாய்ப்புண்ணும், குருதியணுக் குறைவும் நேர்கின்றன. தலையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட மயிர்கள் எப்பொழுதும் வளர்பருவத்தில் இருத்தலின், உதிர்வு தலை முழுவதும் பரவுகின்றது. முதல் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும். புருவமும் இமைமயிரும் உதிர்தலும் உண்டு.

இங்கே மூன்று செய்திகளை நம் வீட்டுப் பெண்டிர் அறிய வேண்டும். ஒன்று, மயிரை உதிர்ப்பது நோயன்று, மருந்து. மயிர் கொட்டுவது கண்டு நோய் முற்றிவிட்டதென்று அழுவாரைப் பார்த்திருக்கிறோம். அவ்வாறே, யாதொரு நோயுமின்றி மயிர் உதிர்வார் தமக்குப் புற்றோ என்று நடுங்குவதையும் பார்த்திருக்கிறோம். இரண்டும் வீண் அச்சம். மற்றொன்று, எல்லா மருந்தும் ஒருதன்மையன அல்ல. டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் முதலியன பெரிதும் உதிர்ப்பன. சில மருந்துகள் சிறிதே மெலியச் செய்வன. சில ஒன்றும் செய்யாதன. மார்பகப் புற்றுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் உண்ணும் டாமாக்சிபென் மாத்திரையாற் கூந்தல் சற்று அடர்த்தி குறையலாம், அவ்வளவே. மூன்றாவது, கடைசி மருந்து ஏற்றிய ஒன்று முதல் மூன்று திங்களுக்குள் பூனைமயிர் போல் அரும்பி மீண்டும் வளரும். டோசிடாக்சல் போன்ற சிலவற்றால் மிகச் சிலருக்கு முழுதும் வளராது போதலும் உண்டு, அது சிறுபான்மை.

நம்மவர் ‘கரண்டு வைத்தல்’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சையோ, கதிர் பட்ட இடத்து மயிரை மட்டுமே உதிர்க்கும். மார்பில் வைத்தால் தலைமயிர் போகாது. தலையில் மிகுதியாய் வைத்தால் அவ்விடம் வளராது நிற்றலும் கூடும். எக்ஸ் கதிரை ராண்ட்ஜன் கண்டறிந்தது 1895இல்; மறு ஆண்டே அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து டேனியல் என்பார் உடனாசிரியர் டட்லியின் தலைக்கு அக்கதிரைக் காட்டிப் படம் பிடிக்க முயன்றார். 21 நாள் கழித்துக் கதிர் பட்ட இடத்து மயிர் உதிர்ந்தது. கதிர் உடலைத் தாக்கும் என்பதற்கு முதலிற் கிடைத்த சான்றுகளுள் ஒரு மனிதர் தலைமயிரும் ஒன்று.

இனி முன்னர்க் குறித்த செய்தி. பெயரும் ஊரும் சொல்லோம். நம் உறவின்முறையில் ஓர் அம்மையார். வயது நாற்பத்தைந்துக்கு மேலிராது. மார்பிற் கட்டி என்று நகரத்து மருத்துவமனைக்குச் சென்றார். புற்றென்று கண்டு, ஆனால் வேறெங்கும் பரவவில்லை என்று தேறுதல் கூறி, மருந்து ஏற்றினர். பதினெட்டாம் நாள் தலை சீவும்பொழுது கூந்தல் கற்றையாய்க் கையோடு வந்தது. அவ்வமயம் மகளுக்குத் திருமணம் உறுதிசெய்திருந்தனர். மொட்டைத் தலையோடு மணவறையில் எப்படி நிற்பது, சம்பந்தி வீட்டார் கேட்டால் யாது சொல்வது, நோய் என்று தெரிந்தாற் பெண்ணை ஏற்பரோ என்று வீட்டார் கூடிப் பேசி, “கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று நிறுத்திவிட்டனர். கல்யாணம் நன்றாகவே முடிந்தது. யாமும் சென்று உண்டு வந்தோம். எட்டுத் திங்கள் கழித்து மீண்டும் சென்றபொழுது நோய் எலும்பிற்கும் ஈரலுக்கும் ஏறியிருந்தது. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

அவ்வம்மையார் அழகை இழக்க அஞ்சினார் என்று எவரும் எளிதாய்ப் பேச வேண்டா. அவர் அஞ்சியது நம்மை. நம் கண்ணையும் நம் வாயையும்.

கூந்தலைப் பற்றி நம் நாட்டார் கொண்ட மதிப்புச் சிறிதன்று. மகளிர் கூந்தல் முடிக்கும் வகை ஐந்தெனக் கண்டு ஐம்பால் என்று பெயரிட்டனர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்ற ஐயத்தின் மேல் மதுரைச் சங்கத்தில் நக்கீரர் இறைவனோடு வாதிட்ட கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைந்த செய்தியைப் புறநானூற்றுச் செய்யுட்கள் கூறும். அப்பழைய வழக்கின் நிழல் இன்னும் நம் மனத்திற் படிந்திருத்தலாலன்றோ, சுமங்கலியின் மொட்டைத் தலை நமக்கு அமங்கலமாய்த் தோன்றுகின்றது! ஆனால் அதே அம்மையார் நம் மாவட்டத்துப் பழனிக்குச் சென்று முருகனுக்கு முடி காணிக்கை செலுத்தித் தலையிற் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பியிருப்பாராயின், தெருவே வழிவிட்டு வணங்கியிருக்கும். தலை ஒன்றே, மழித்தபின் தோன்றும் தோற்றமும் ஒன்றே. வேண்டுதலுக்கு இழந்த மயிரைப் புண்ணியமாகவும், உயிர்காக்க இழந்த மயிரைக் குறையாகவும் எண்ணும் இவ்வழக்கு எந்நூலிற் சொல்லிற்று? யாம் கற்ற அளவில் எந்நூலிலும் இல்லை.

உதிர்வைக் குறைக்க வழி உண்டோ எனின், உண்டு. மருந்து ஏற்றும் வேளையிலும் அதற்கு முன்பின்னும் தலையைக் குளிர்விக்கும் தொப்பி ஒன்றை அணிவிப்பர். குளிரால் தலைத்தோலின் நாளங்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாகச் செல்லும். எல்லார்க்கும் பலிக்காது; இரத்தப் புற்றுடையார்க்கு ஆகாது; நம் நாட்டிற் பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றிலேயே கிடைக்கும். எளிய வழி, உதிர்வதற்கு முன்னரே மயிரைக் குட்டையாய்க் கத்தரித்துக்கொள்ளுதல். கொத்தாய் வீழ்வதைக் காணும் வேதனை பாதி குறையும். மழித்த தலைக்கு மென்பருத்தித் துணி போதும். நம் ஊர் வெயிலில் மூடாமற் செல்லலாகாது. பொய்மயிர் வேண்டுவார்க்கும் வழி உண்டு. கல்லூரி மாணவியர் பலர் தம் கூந்தலைக் கத்தரித்துக் கொடுக்க, அதனால் முடித்தொப்பி செய்து நோயாளிகட்கு வழங்கும் அறப்பணி தமிழ்நாட்டில் நடைபெறுகின்றது. நம் மாணவியர் இதனை அறிவாராக.

சிகிச்சைக்குச் சென்னைக்கே ஓட வேண்டும் என்பதும் இல்லை. புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாது, முயன்று 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே 1955 முதல் தம் வாழ்நாள் முழுவதும் தொண்டாற்றிய டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறைந்தார். இன்று நமக்கு அணித்தே, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையைச் சார்ந்து பாலரங்கபுரத்திற் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் உளது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்க்குத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றிலும் செலவு ஏற்கப்படும். நில அடமானத்துக்குப் பத்திரம் எழுதுமுன் அவ்வட்டையைத் தேடுங்கள்.

சங்கத்தாரிடம் ஒன்று வேண்டுகிறோம். நம்மவர் வீட்டுக் கல்யாணங்களில் நலங்கு வைக்கவும், ஆரத்தி எடுக்கவும் மருந்தால் மயிர் இழந்த தாய்மாரை முன்னர் அழையுங்கள். தலைவரவர்கள் வீட்டில் வரும் தையில் ஒரு விவாகம் நடக்கவிருக்கிறது. அங்கே தொடங்கினால் மற்றையோர் பின்பற்றத் தயங்கார்.

இனி ஒரே ஒரு வினா. யாம் பேசிக்கொண்டிருக்கையில் தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. “மருந்து முடிந்து வளரும் மயிர் பழைய மயிர் போலவே இருக்குமா?” என்று எழுதியிருக்கிறார்கள். முதலிற் சற்று வேறுபடும். நேர்க்கூந்தல் உடையார்க்குச் சுருண்டு வருதலும், கருமை குறைந்து வருதலும் உண்டு. பலருக்கு நாளடைவிற் பழைய தன்மைக்கே திரும்பும். திங்களுக்கு 1 சென்டிமீட்டர் என்ற கணக்கில், தோளைத் தொட இரண்டு ஆண்டும் மேலும் செல்லும். சீட்டெழுதிய அம்மையார் கூட்டம் முடிந்தபின் எம் மனைவியாரைக் கண்டு பேசலாம். அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்.